அதை 'ரேஸ்' என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஊட்டி அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இத்தாலியில் மொன்சா என்ற ஊரில் அரண்மனைப் பூங்காவுக்குள்ளேயே கார் ரேஸ் டிராக் இருக்கிறதாம், நூறு வருஷமாக ஓடுகிறதாம், ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானத்தைத்தான் அரசு 2024இல் திரும்ப எடுத்துக்கொண்டதே, அங்கே நாமும் ஒரு டிராக் கட்டிவிட்டால் காட் ரோட்டில் பைக்கை விரட்டும் பையன்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள், சுற்றுலாவும் வளரும் என்று யோசனை சொல்லியிருந்தார். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபம் வந்தது. நாலு வரி பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பத்திரிகையைப் பற்றி நான் சொல்லும் இடத்தை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

நான் கோத்தகிரியில் 31 வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். ரேஸ் என்றாலே முகம் சுளிக்கும் ஆள் இல்லை. சின்ன வயசில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது லாரி பிடித்துப் போய்ப் பார்த்தவன். கோவையில் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அந்த ஷெட்டில் கூட்டிப் பெருக்கவாவது ஒரு வேலை கிடைக்காதா என்று அலைந்தவன் (கிடைக்கவில்லை). நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 காரில் உட்கார்ந்த அன்றைக்கு ஒர்க்ஷாப்பை மூடிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அதனால் இந்தக் கடிதத்தை ரேஸ் வேண்டாம் என்பவனின் கடிதமாகப் படிக்காதீர்கள்.

மொன்சாவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் மகன் மிலானில் படித்தான். அவனுடைய பட்டமளிப்புக்குப் போயிருந்தபோது ஒருநாள் ரயிலில் கூட்டிப்போனான், கால் மணி நேரப் பயணம்தான். ரேஸ் இல்லாத நாள். பூங்காவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறார்கள், நாயோடு நடக்கிறார்கள், மரங்களுக்கு நடுவே திடீரென்று வேலியும் தார் ரோடும் தெரிகிறது. அந்தப் பூங்கா மட்டும் சுமார் 1,700 ஏக்கர். நம் ஊட்டி ரேஸ் கோர்ஸ் 52 ஏக்கர், ஒரு நல்ல மழைக்குப் பாதி குளமாகிவிடும். மொன்சா டிராக் ஒரு சுற்று 5.793 கிலோமீட்டர். அந்த ஊர் சமதளம், எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால் உருளாது. அதையும் அவர்கள் சும்மா கட்டிவிடவில்லை. 1922இல் வேலையை ஆரம்பிக்கப் போகும்போதே மரம் போகும், பூங்காவின் அழகு போகும் என்று எதிர்ப்பு வந்து வேலை நின்றது. திட்டத்தைச் சுருக்கிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த பிறகு 3,500 ஆட்கள் 110 நாளில் முடித்தார்கள் என்பது வேறு விஷயம், நம் ஊரில் ஒரு மதகுக்கே இரண்டு வருஷம் ஆகிறது.

உயரத்தை நான் காரணமாகச் சொல்ல வரவில்லை. ஊட்டி உயரத்தில் காற்று மெலிசு என்பது எந்த மெக்கானிக்கையும் கேட்டால் தெரியும். கார்புரேட்டர் வண்டிகள் இருந்த காலத்தில் கீழே ஜோராக ஓடிய வண்டி இங்கே ஏறி வந்ததும் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு இழுக்காமல் நிற்கும். ஜெட்டை மாற்றி ஸ்குருவைத் திருப்பிக் கொடுத்தே சீசன் முழுக்கச் சம்பாதித்திருக்கிறேன். ஆனால் மெக்சிகோ நகர டிராக்கும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் இருக்கிறது, அங்கே ஃபார்முலா 1 ஓடுகிறது. ஆக உயரம் பிரச்சினை இல்லை. 2009 நவம்பரில் மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்கள் நாம், இங்கே இன்னொரு பெரிய கட்டுமானம் வேண்டுமா என்பதுதான் பிரச்சினை. அதை விவரமாக எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. டிராக் கட்டினால் ரோட்டில் ஓட்டுவது நின்றுவிடும் என்று அந்த அன்பர் நினைக்கிறார். அவர் உதாரணம் காட்டிய இத்தாலியிலேயே அது நடக்கவில்லை.

மொன்சா டிராக் 1922இல் வந்துவிட்டது. அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1927இல்தான் 'மில்லே மிலியா' என்ற ரோடு ரேஸை ஆரம்பித்தார்கள். ஆயிரம் மைல் என்று அர்த்தம். பிரெஷா என்ற ஊரில் கிளம்பி ரோம் வரை போய்த் திரும்ப பிரெஷாவுக்கே வர வேண்டும், சாதாரண ஜனங்கள் போகிற ரோட்டிலேயே, ஊர்களுக்கு நடுவிலேயே, கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர். 1955இல் ஸ்டிர்லிங் மோஸ் அதை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார், சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். கிளம்பும் நேரமே அவர்களுடைய கார் நம்பர், மோஸ் காலை 7.22க்குக் கிளம்பியதால் 722. பக்கத்து சீட்டில் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். வழியில் என்னென்ன வளைவு, எந்த மேட்டுக்கு அப்பால் ரோடு நேராகப் போகிறது என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, அஞ்சு மீட்டருக்கும் மேல் நீளமான காகிதச் சுருளில் எழுதி, சின்னப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் எல்லாம் கையால் ஜாடை. நம் லாரி கிளீனர் கொண்டை ஊசி வளைவில் தலையை வெளியே நீட்டி 'வரட்டும் வரட்டும்' என்று கதவைத் தட்டுவாரே, அதே வேலைதான். உலகத்திலேயே மிகப் பெரிய கிளீனர் அவர்தான் என்று நான் பையன்களிடம் சொல்வதுண்டு.

இதைப் படிக்கும்போது உங்களுக்கே ஒரு சிலிர்ப்பு வருகிறது அல்லவா? எனக்கும் வருகிறது. அதற்கு அடுத்த பக்கத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1957 மே 12. குயிதிசோலோ என்ற சின்ன ஊர்ப் பக்கம். ரேஸ் முடியும் இடமான பிரெஷாவை நெருங்கிவிட்டார்கள். ரோடு நூல் பிடித்த மாதிரி நேர், வளைவே கிடையாது. தெ போர்தாகோ என்பவர் ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அங்கேயே உயிரை விட்டார்கள். ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் 9 பேர் செத்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். இத்தாலி அரசு அத்தோடு அந்த ரேஸை நிறுத்தியது. கார் செய்துகொடுத்த என்ஸோ ஃபெராரி மேலேயே வழக்குப் போட்டார்கள், அவர் விடுதலையாக 1961 ஆனது. அன்றைக்கு ஜெயித்த பியரோ தருஃபி அதோடு ரேஸ் ஓட்டுவதையே விட்டுவிட்டார். இப்போதும் மில்லே மிலியா என்ற பெயரில் வருஷா வருஷம் பழைய கார்கள் ஓடுகின்றன, ஆனால் அது யார் முதலில் வருவது என்கிற போட்டி இல்லை, குறித்த நேரத்துக்கு வருகிறாயா என்று பார்க்கிற ஊர்வலம் மாதிரி.

ஆக மொன்சாவில் டிராக் வந்த பிறகும் ரோட்டில் ரேஸ் நடக்கத்தான் செய்தது, ஏனென்றால் ஊரே கைதட்டியது. மில்லே மிலியாவுக்கு அந்தக் கைதட்டு நின்றது குயிதிசோலோவில்.

டிராக்குக்குள்ளே சாவு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மொன்சாவிலேயே 1961இல் வான் ட்ரிப்ஸின் கார் வேலிப் பக்கம் பாய்ந்து அவரோடு பார்வையாளர்கள் 15 பேர் போனார்கள். இமோலா என்ற இன்னொரு இத்தாலி டிராக்கில் 1994இல் அடுத்தடுத்த நாளில் ராட்சன்பெர்கரும் அயர்டன் சென்னாவும் போனார்கள். சென்னா போனது மே 1, நம் பையன்களுக்கு அது அஜித் பிறந்தநாளாகத்தான் தெரியும். ஆனால் இமோலாவில் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சென்னா மோதிய தம்புரெல்லோ வளைவையே வெட்டி, வேகம் குறைகிற மாதிரி வேறு வளைவாக மாற்றிவிட்டார்கள். எங்கள் ரோட்டில் ஒரு வளைவில் குவிக்கண்ணாடி உடைந்து மூன்று வருஷம் ஆகிறது, கம்பம் மட்டும் நிற்கிறது, நான் நாலு மனு கொடுத்துவிட்டேன். சம்பந்தப்பட்ட துறையின் பெயரை எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

மொன்சாவில் எனக்கு மறக்காத இடம் இப்போது ஓடுகிற டிராக் இல்லை, காட்டுக்குள் கிடக்கிற பழைய டிராக். வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்த பெரிய வளைவு, 1955இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. ஃபார்முலா 1 கார்கள் 1961க்குப் பிறகு அதில் ஓடவில்லை. போட்டோவில் பார்த்தால் ஏதோ சரிவான ரோடு மாதிரி தெரியும். பக்கத்தில் போனால்தான் அது சுவர் என்று புரிகிறது. கீழே நின்றுகொண்டு ஏறிப் பார்க்கலாம் என்று கால் வைத்தேன், நாலு எட்டு சாதாரணமாகப் போனது, அதற்குமேல் பாதம் நிற்கவில்லை, பாதி உயரம் போவதற்குள் இரண்டு கையையும் ஊன்றித் தவழ வேண்டியதாகிவிட்டது. மகன் கீழே நின்று "அப்பா, இறங்குங்க, விழப் போறீங்க" என்று கத்துகிறான். நாயோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கான்கிரீட் பலகைகள் சேருகிற இடமெல்லாம் விரிசல், விரிசலில் புல், பாசி. கையால் தடவிப் பார்த்தேன், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விரல் அளவு மேடு பள்ளம். இதில் அந்த வேகத்தில் போனால் ஷாக் அப்சார்பர் என்ன கதியாகும் என்றுதான் என் புத்தி போனது. 1960இல் பிரிட்டிஷ் அணிகள் இந்தச் சாய்வு வளைவில் ஓட்ட மாட்டோம் என்று மொன்சாவுக்கு வராமலேயே இருந்துவிட்டார்களாம். ரேஸ் ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன், இது ஆபத்து, நான் ஓட்டமாட்டேன் என்று சொல்லலாம். அதனால் அவனை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

சரி, இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனைக்கு மேலே வண்டி விழுந்துவிட்டது என்று ஜீப் டிரைவர் ஒருவர் போன் செய்தார். பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு பைக்கில் வந்திருக்கிறார்கள், எல்லாம் சமவெளிப் பையன்கள், இருபது வயசுக்கு மேல் யாரும் இல்லை. பனி, ரோட்டில் லாரி டீசல் சிந்தியிருந்தது, ஒருவன் சறுக்கிக் கைப்பிடிச் சுவரில் போய் மோதியிருக்கிறான். சுவர் இல்லையென்றால் நான் பிக்கப்போடு போயிருக்க வேண்டியதில்லை. பையனுக்குக் காறை எலும்பு முறிவு, முழங்கை தோல் உரிந்திருந்தது. கையில் நல்ல கையுறை, ஹெல்மெட்டில் கேமரா, முன் டயரோ மொட்டை. நான் குனிந்து அவன் தோளைப் பார்க்கிறேன், அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அங்கிள், கேமரா ஓடிட்டு இருக்கான்னு பாருங்க, வீடியோ சேவ் ஆகணும்."

ஆம்புலன்ஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தோம். அவனுடைய நண்பன் ஒருவன், சின்னப் பையன், கை நடுங்கிக்கொண்டே போனை நோண்டினான். வீட்டுக்குப் பேசுகிறானோ என்று எட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸ் தெரிந்தது. உங்கள் பத்திரிகையின் செய்தி. அதற்கு முந்தின வாரம் நீங்கள் போட்டது: 'கோத்தகிரி மலைப்பாதையில் பைக் ரேஸ்: பொதுமக்கள் அச்சம்'. அதை வெட்டி ஒட்டி, மேலே நெருப்புப் படம் மூன்று, ஒரு கிரீடம், கீழே 'பேப்பர்லயே வந்துட்டோம்டா'. நீங்கள் கண்டித்துத்தான் எழுதினீர்கள், நான் செய்தியை முழுசாகப் படித்தேன். ஆனால் அவர்கள் படித்தது தலைப்பை மட்டும், அதிலும் ஒரே ஒரு வார்த்தையை. பொதுமக்கள் அச்சம் என்பதுகூட அவர்களுக்குப் பாராட்டாகத்தான் பட்டிருக்கிறது.

அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ரேஸ் என்று பெயர் போடாதீர்கள். காளையை பஸ் ஸ்டாண்டில் அவிழ்த்து விட்டுவிட்டு அதற்கு ஜல்லிக்கட்டு என்று நீங்கள் தலைப்புப் போடுவீர்களா? வாடிவாசல் இருக்கிறது, டோக்கன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், அதெல்லாம் இருந்தால்தான் அது ஜல்லிக்கட்டு. எதிரே பால் வண்டி வரும் ரோட்டில், பள்ளிக்கூட வேன் வரும் ரோட்டில், பலா பழுக்கும் சீசனில் யானை இறங்கி நிற்கும் ரோட்டில் ஆறு பேர் ஆக்சிலேட்டரைத் திருகுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியவர் மீது வழக்கு என்று போடுங்கள், போதும். அந்தத் தலைப்பை எவனும் ஸ்டேட்டஸில் வைக்க மாட்டான்.

மலை ரோட்டில் ரேஸே கூடாது என்று நான் சொல்லவில்லை, இத்தாலிக்காரன் இன்னும் ஓட்டுகிறான். திரெந்தோ என்ற ஊரிலிருந்து பொந்தோனே மலைக்கு 17.3 கிலோமீட்டர், 1925இல் ஆரம்பித்த போட்டி. ஏற்றம் சுமார் 1,350 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நாம் 33 கிலோமீட்டரில் ஏறுவதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே உயரத்தை அவர்கள் பாதித் தூரத்தில் ஏறுகிறார்கள். ஆனால் ரோட்டை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள், பக்கத்தில் முந்துவதற்கு ஆளே கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. நம் பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளாவில் வண்டியை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்களே, அதேதான். முக்கியமான விஷயம், ஏறும்போது மட்டும்தான் நேரம் எடுப்பார்கள், இறங்குவதற்குப் போட்டி கிடையாது. இதைக் கேட்டதும் நம் காட் ரோடு டிரைவர்கள் தலையாட்டுவார்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துத்தான் அவர்களை வண்டியில் உட்கார வைத்திருப்பார்கள். பிரேக் லைனிங் கருகிய வாசனை வந்த பிறகு யோசித்து ஒன்றும் ஆகாது.

அதை இங்கேயும் நடத்துங்கள் என்று கேட்கிறேனா? இல்லை. நம்மிடம் மேலே வர இருப்பதே இரண்டு மூன்று ரோடு, பிரசவத்துக்குக் கோவைக்கு இறங்குகிற வண்டியை நிறுத்திவைத்து எந்த ரேஸும் வேண்டாம்.

சிசிலித் தீவில் தார்கா ஃப்ளோரியோ என்று ஒரு மலை ரேஸ் 1906இலிருந்து 1977 வரை நடந்தது, அதுவும் கடைசியில் விபத்தோடுதான் முடிந்தது. அதில் நினோ வக்கரெல்லா என்பவர் மூன்று தடவை ஜெயித்தார், 1965, 1971, 1975. அவர் பலெர்மோவில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்! வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ரேஸ் வந்தால் ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோ. வழியில் இருந்த வீட்டுச் சுவரிலெல்லாம் அவர் பெயரை எழுதி வாழ்க போட்டிருந்தார்களாம், நம் ஊரில் தேர்தல் சமயம் எழுதுகிற மாதிரி. ஃபெராரி ஜெயித்தால், அந்தக் கம்பெனி இருக்கும் மரனெல்லோ ஊர்ப் பாதிரியார் சர்ச் மணியை அடிப்பார். ரேஸ் ரசிகனுக்கு அவர்கள் பாஷையில் உள்ள வார்த்தைக்கே காய்ச்சல் கண்டவன் என்றுதான் மூலப் பொருள் என்கிறான் என் மகன். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தார், அடுத்த மாதம் மொன்சாவில் ஃபெராரி கார்கள் முதலாவதும் இரண்டாவதும் வந்தன, அந்த வருஷம் மெக்லாரன் ஜெயிக்காத ஒரே ரேஸ் அதுதான். அன்று அந்தக் கூட்டம் எப்படி இருந்திருக்கும்!

அந்தக் காய்ச்சல் நம்மிடமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதே இத்தாலியில் முஜெல்லோ டிராக்கில் 12 மணி நேர ரேஸில் அஜித்குமார் அணி தங்கள் பிரிவில் மூன்றாவது வந்தபோது எங்கள் டீக்கடையில் கேக் வெட்டினார்கள், முஜெல்லோ எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் தப்பில்லை. ஆனால் கீழே கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003இலிருந்து கரிவர்தன் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அங்கே லைசென்ஸ் வாங்கி, டாக்டர் பரிசோதனை முடித்து, சொந்தக் காசில் டயர் வாங்கி ஓட்டுகிற பையன்களின் பெயர் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கடைசியாக எப்போது வந்தது? நான் தேடித்தான் பார்க்கிறேன். ஒரு குன்னூர்ப் பையன் செட்டிபாளையத்தில் நாலாவது வந்தால் அவன் பெயரை, ஊரை, அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை அரை காலம் போடுங்கள். அதற்கு ரேஸ் என்று தலைப்புப் போடுங்கள், எத்தனை பெரிய எழுத்தில் வேண்டுமானாலும்.

அந்தக் குஞ்சப்பனை வண்டி இன்னும் என் ஷெட்டில்தான் நிற்கிறது. முன் ஃபோர்க்கை நிமிர்த்திவிட்டேன், ஹேண்டில்பார் மாற்றியாகிவிட்டது, புது முன் டயரும் போட்டுவிட்டேன், டயர் பில் அவன் தலையில். பையன் ஒரு தடவை போன் செய்தான், தோள் சரியாகிவிட்டது என்றான், வீட்டில் தெரியாமல் எப்படி வருவது என்று தயங்குகிறான். இதைப் படித்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கேமராவும் என்னிடம்தான் இருக்கிறது, கண்ணாடி உடைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
கோத்தகிரி.